செயலாளர் ஆண்டறிக்கை: பழைய ஸ்லாலம் கயாக்குக்குப் புது அச்சு

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

குளிர்கால ரோல் பயிற்சி (கவிழ்ந்த கயாக்கை உள்ளிருந்தபடியே நிமிர்த்துவது) வழக்கம்போல் நீச்சல்குளத்தில் நடந்தது. வேல்ஸின் ட்ரவெரின் ஆற்றுக்கு, அணைநீர் திறந்த நாட்களில் போய்வந்தோம்.

இனி அச்சு வேலை. பழைய கயாக்கின் வடிவத்தைத் திருத்தி, அதன்மேல் அச்சு வார்த்து, அந்த அச்சில் புதுப் படகுகள் எடுப்பதே திட்டம். சங்கத்தின் ஃபைபர்கிளாஸ் ஸ்லாலம் (தொங்கும் கம்பங்களுக்கிடையே வளைந்து ஓட்டும் போட்டி) கயாக் 4 மீட்டர் நீளம். அன்றைய போட்டி விதி அப்படி. 2005இல்தான் விதி 3.5 மீட்டராகக் குறைந்தது. தொங்கும் கம்பங்களுக்கு அடியில் நுழைய முனைகளைத் தட்டையாக வைத்தார்கள். பாறை ஆற்றில் அதுவே ஆபத்து: சரிவில் இறங்கியதும் மூக்கு அமிழும், திரும்பும்போது நீரோட்டம் வால்மேல் ஏறி அமுக்கும். காக்பிட் (உட்காரும் குழி) வாயும் சிறியது. உட்கார்ந்தபடி முழங்காலை வெளியே எடுக்க முடியாது.

ஆகவே இரு முனையிலும் 25 செ.மீ. வெட்டினோம். டெக்கிலும் (படகின் மேல்மூடி) பக்கங்களிலும் ஆப்பு வடிவில் அறுத்தெடுத்து, அடிப்பலகத்தைக் கீலாக விட்டு, முனைகளை மேலே மடக்கினோம். நேர் ஓட்டத்தில் வேகம் குறையும். ஆற்றில் திரும்புவதே முக்கியம். முனைகளின் பருமனைப் பாலியூரித்தேன் நுரையால் கூட்டினோம். தெர்மாகோல் ஆகாது, பாலியெஸ்டர் ரெசினிலுள்ள ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடும். பட்டி பூசித் தேய்த்து, அச்சு ஒட்டாமல் பிரிய பல பூச்சு மெழுகு, மேலே பிவிஏ திரவம் பூசினோம். ஜெல்கோட் (இழை இல்லாத முதல் ரெசின் பூச்சு) அரை மி.மீ. இருக்கவேண்டும், மெலிந்தால் அடுத்த அடுக்கின் ஸ்டைரீன் ஊறிச் சுருங்கிவிடும். கொட்டகை குளிர்ந்தால் ஹீட்டர் வையுங்கள், ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்டை 2 சதவீதத்துக்கு மேல் ஊற்றாதீர்கள். புதுப் படகில் கால்மிதி முழுத் தட்டாக இருக்கும். பாறையில் மோதினாலும் பாதம் நழுவிச் சிக்காது.

பிளாஸ்டிக் படகு வாங்கியிருக்கலாமே என்று சிலர் கேட்டனர். பாலிஎத்திலீனில் ரெசின் சரியாக ஒட்டாது. விரிசலை நாமே அடைப்பது கடினம். அச்சு இருந்தால் ஆளின் எடைக்கேற்ப இழை அடுக்கைக் கூட்டிக் குறைத்துப் படகு எடுக்கலாம்.

அடிப்பாக அச்சு தயார். டெக் அச்சு நிற்கிறது. பெயர் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் வரவில்லை என்பதே காரணம். கலந்த ரெசின் சில நிமிடங்களில் இறுகத் தொடங்கும். ஒருவர் கலக்க, ஒருவர் பூச, ஒருவர் உருளையால் காற்றுக்குமிழியை நீக்கவேண்டும். ஆள் குறைந்தால் குமிழி தங்கும், தங்கிய இடம் பிறகு நொறுங்கும். இதைச் சொல்லியும் கொட்டகை காலியாகவே இருந்தது. வராதவர்களில் பலரின் சந்தாவும் பாக்கி.

வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. பெரும்பகுதி குள வாடகை. விவரம் பொருளாளரிடம். அவருக்கும், கொட்டகை தந்த உறுப்பினருக்கும், பயிற்றுநர்களுக்கும் நன்றி.

ரெசின் டின்னில் சில மாதங்களே தாங்கும். கோடைக்குள் டெக் அச்சு எடுக்காவிட்டால் வாங்கியதைக் கொட்டவேண்டிவரும். இழைப்பாய் வாங்கச் சந்தா பாக்கியே போதும். சனிக்கிழமைகளில் வரக்கூடியவர்கள் இன்றே பெயரை என்னிடம் பதியவும்.

செயலாளர்