தனிமனிதர் நேரடியாக முறையிடும் உரிமை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004இல் தொடங்கப்பட்ட பின், ரிட் மனுவுக்காகச் சென்னைக்கு ரயிலேற வேண்டிய நிலை தென் மாவட்ட மக்களுக்கு நீங்கியது. சாத்தான்குளம் காவல் மரணங்களை 2020இல் தானாக முன்வந்து விசாரித்ததும் இக்கிளைதான். ஆனால் உள்நாட்டு நீதிமன்றங்கள் அனைத்தும் கைவிட்டுவிட்டால், அதற்கு மேல் முறையிட ஆசியாவுக்கென ஒரு மனித உரிமை நீதிமன்றம் இன்றுவரை இல்லை.

ஐரோப்பாவில் 1998 முதல், பாதிக்கப்பட்ட எவரும் கட்டணமின்றி ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை நேரடியாக அணுகலாம். அமெரிக்கக் கண்டத்தில் அங்குள்ள மனித உரிமை ஆணையத்தின் வழியாகவே தனிமனிதரின் புகார் அக்கண்டத்தின் மனித உரிமை நீதிமன்றத்தை எட்டும். ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றத்தின் நிலைதான் மிகுந்த வேதனை தருகிறது: அரசு தனியாக ஒப்புதல் அறிவித்திருந்தால் மட்டுமே குடிமக்கள் அங்கு நேரடியாக வழக்குத் தொடர முடியும்; ஆனால் 2016இல் ருவாண்டாவும், 2019இல் அந்நீதிமன்றம் அமைந்துள்ள தான்சானியாவே கூட, ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. எதிர்மனுதாரரான அரசின் இசைவைப் பொறுத்தே மனுதாரரின் உரிமை அமைவது அநீதி.

ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் தனிமனிதர் முறையிட வழிசெய்யும் விருப்ப நெறிமுறையிலும் (நாடுகள் விரும்பினால் இணையும் கூடுதல் ஒப்பந்தம்) இந்தியா இணையவில்லை. ஆசியாவுக்கான நீதிமன்றம் உருவாகப் பல்லாண்டுகள் ஆகலாம். இந்த நெறிமுறையில் இணைய நம் அரசின் முடிவே போதும். தென் மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள் இக்கோரிக்கையை வரும் கூட்டத்தொடரிலேயே எழுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்,
மதுரை.