30 கிலோ தராசில் 50 கிராம் ஏலக்காய்

தமிழ்நாடு தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவு அதிகாரிகளுக்கு வணக்கம்.

சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறேன். போன மாதம்தான் என் தராசுகளுக்கு இந்த வருட முத்திரை வாங்கி வந்தேன். சான்றிதழைக் கண்ணில் படும் இடத்தில் மாட்ட வேண்டும் என்பது விதி. கல்லாவுக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். அபராதம் கட்டிவிட்டுப் புலம்புகிறான் என்று நினைத்துவிடக் கூடாது, அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

முத்திரை போடும் நாளில் ஆய்வாளர் தரப் படிக்கல்லைத் தட்டின் நடுவில் வைத்தார், அப்புறம் நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்தார். எண் சரியாக வந்தது. காலாண்டுக்கான எழுத்தையும் வருடத்தையும் பொறித்து அனுப்பிவிட்டார். எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை, படிக்கல்லுக்கும் தட்டுத் தராசுக்கும் 24 மாதத்துக்கு ஒருமுறை. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தராசு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறீர்கள். அதை வைத்து நாங்கள் எப்படி நிறுக்கிறோம் என்று பார்க்கத்தான் ஆள் இல்லை.

என் கதையையே சொல்கிறேன். பல வருடமாக ஒரே ஒரு 30 கிலோ தராசுதான் வைத்திருந்தேன். அரிசியும் அதில்தான், 50 கிராம் ஏலக்காயும் அதில்தான். தராசின் பக்கவாட்டில் ஒரு சின்னத் தகடு இருக்கும். மேக்ஸ், மின், ஈ என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்து. மேக்ஸ் மட்டும் புரிந்தது. மற்ற இரண்டையும் ஒரு தராசு மெக்கானிக் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். 'ஈ' என்பது தராசின் ஒரு பிரிவு, அதாவது எண் ஏறி இறங்கும் படி. என் தராசில் அது 5 கிராம். கடைகளில் இருக்கும் மூன்றாம் வகுப்புத் தராசில் அதன் 20 மடங்குதான் 'மின்', அதாவது குறைந்தபட்ச எடை. என் தராசுக்கு 100 கிராம். அதற்குக் கீழே அந்தத் தராசில் நிறுக்கவே கூடாது.

ஏன் கூடாது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அந்த எடையில், முத்திரை போடும்போதே 2.5 கிராம் முன்னே பின்னே இருக்கலாம் என்று விதி விட்டுக்கொடுக்கிறது. கடையில் புழங்கும்போது அது 5 கிராம் வரை போகலாம். 10 கிலோ அரிசியில் இது தூசு. 50 கிராம் ஏலக்காயில் பத்தில் ஒரு பங்கு! தராசு பொய் சொல்லவில்லை, முத்திரையும் செல்லும், நானும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனாலும் வாங்குபவருக்குக் கிடைத்தது 45 கிராமாக இருந்திருக்கலாம். 55 ஆகவும் இருந்திருக்கலாம்தான். ஆனால் எண் 45-க்கும் 50-க்கும் நடுவே ஊசலாடும்போது கடைக்காரன் கை எங்கே நிற்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

தங்கத்துக்கு இந்தக் கவலை இல்லை. நகைக்கடையில் இன்னும் துல்லியமான முதல் அல்லது இரண்டாம் வகுப்புத் தராசில்தான் நிறுக்க வேண்டும் என்று தனி விதியே போட்டிருக்கிறீர்கள். ஏலக்காய், முந்திரி, குங்குமப்பூ வாங்குபவரைப் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அடுத்தது பெட்டி எடை. ஒரு கடையில் பெட்டியோடு சேர்த்து நிறுத்துக் கொடுத்த இனிப்பின் காலிப் பெட்டியை வீட்டில் நிறுத்துப் பார்த்தேன். 60 கிராம். கிலோ 600 ரூபாய் இனிப்பு என்றால் அட்டைக்கு மட்டும் 36 ரூபாய் கொடுத்திருக்கிறேன். காலிப் பெட்டியைத் தட்டில் வைத்து, அதன் எடையைக் கழித்துவிடும் 'டேர்' பொத்தானை ஒருமுறை அழுத்தியிருந்தால் போதும். கறிக்கடைப் பாத்திரமும் மீன் கடையின் ஐஸ் தண்ணீரும் இதே கதைதான்.

என் அப்பா காலத்துக் கைத்தராசிலும் திருட்டு இருந்தது. தட்டுக்கு அடியில் புளியை ஒட்டுவார்கள். ஆனால் அந்தத் தராசு இருவர் கண்ணுக்கும் நடுவில் தொங்கும். "முள்ளு நேரா நிக்கட்டும்யா" என்று சொல்ல வாங்குபவருக்கு வாய் இருந்தது. இப்போது பல கடைகளில் சிவப்பு எண் கடைக்காரன் பக்கம் மட்டும் எரிகிறது. அதைத் திருப்பிக் காட்டச் சொன்னால் கோபம் வருகிறது. கொசுறாக ஒரு கொத்து கறிவேப்பிலையைப் போட்டால் அந்தக் கோபமும் சந்தேகமும் சேர்ந்து அடங்கிவிடும். கொசுறின் வேலையே பாதி அதுதான்.

சரி, என்ன செய்யலாம்? அந்தத் தகட்டில் இருப்பதைத் தமிழில் பெரிதாக எழுதி, வாங்குபவர் பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். '100 கிராமுக்குக் கீழே இதில் நிறுக்கக் கூடாது' என்று ஒரே வரி. முத்திரை போடும் அன்றைக்கே நீங்களே ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது, செலவை நாங்கள் கொடுக்கிறோம்.

தினசரிச் சந்தைகளில் முத்திரையிட்ட பொதுத் தராசு ஒன்றும் ஒரு கிலோ படிக்கல் ஒன்றும் வையுங்கள். உழவர் சந்தையில் விவசாயிகளுக்குத் தராசே இலவசமாகக் கொடுக்க முடிகிற அரசுக்கு இது பெரிய விஷயமில்லை. உப்புப் பாக்கெட்டை வைத்துச் சரிபாருங்கள் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். ஒரு கிலோ பாக்கெட்டில் 15 கிராம் வரை குறைய விதியே இடம் கொடுக்கிறது. அது படிக்கல் ஆகாது.

கடைசியாக, சீல் பார்க்க மட்டும் வராமல் பொருள் வாங்கவும் வாருங்கள். அடையாள அட்டையைக் காட்டாமல் 50 கிராம் ஏதாவது வாங்கி, வெளியே போய் நிறுத்துப் பாருங்கள். நீங்கள் இதைச் செய்வதே இல்லை என்று சொல்ல மாட்டேன், எங்கள் கடைத்தெருவில் நான் பார்த்ததில்லை.

என் கடையிலிருந்தே தொடங்கலாம். இப்போது 1 கிராம் பிரிவு உள்ள 6 கிலோ தராசு ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன், 20 கிராமிலிருந்தே அதில் நிறுக்கலாம். ஆனால் காலையில் வராதீர்கள், அப்போது ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன், எல்லாம் ஒழுங்காக நடக்கும். மாலை 6-லிருந்து 8 மணிக்குள் வாருங்கள். அந்தக் கூட்டத்தில் என் கடைப் பையன் எந்தத் தராசை எடுக்கிறான் என்று எனக்கும் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்