தோள் வலிக்குக் காரணம் கிட்டாரின் அகலம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐம்பது வயதைத் தாண்டிக் கை வலி, தோள் வலி என்று சொல்லும் கிட்டார்காரர்களுக்குக் கடையிலும் வகுப்பிலும் ஒரே யோசனைதான் கிடைக்கிறது: "பெருச வித்துட்டுச் சின்னதா ஒண்ணு வாங்கிக்குங்க." இதில் பாதி சரி. மீதிப் பாதியை நம்பி நல்ல கிட்டார்களைக் கைமாற்றிவிட்டு, வலியை மட்டும் கையிலேயே வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். தங்கள் வாசகர்களில் அப்படி விற்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நம் ஊர்க் கடைகளில் அதிகம் தொங்குவது ட்ரெட்நாட் வடிவம். அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1916-இல் பாஸ்டன் நகர டிட்சன் நிறுவனத்துக்காகச் செய்த வடிவம் இது. பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றின் பெயர். பாடியின் அகன்ற கீழ்வயிற்றில் இதன் அகலம் 397 மி.மீ. அதே நிறுவனத்தின் சிறிய அளவான 000-வில் 381 மி.மீ. வித்தியாசம் வெறும் 16 மி.மீ. ஆனால் ஸ்ட்ராப் மாட்டும் குமிழ் இருக்கும் அடிப்பக்கத்தில் பக்கப்பலகையின் ஆழத்தை அளந்து பாருங்கள்: ட்ரெட்நாட்டில் ஏறக்குறைய 124 மி.மீ.; 000 அளவில் ஏறக்குறைய 105 மி.மீ. வலது கை தாண்டிவர வேண்டியது இந்த ஆழத்தைத்தான். ஆழம் கூடக்கூட முழங்கை விலாவை விட்டு வெளியே தள்ளப்படுகிறது, தோள் மேலேறுகிறது. அரை மணி நேரம் அப்படியே நின்றால் தோள்மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்கள் சும்மா விடாது. தோள் இறுகிப்போகும் 'ஃப்ரோஸன் ஷோல்டர்' நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள்தான் அதிகம் வருகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் கூடுதல். அவர்களுக்கு இந்த 2 செ.மீ. சின்ன விஷயமில்லை.

எடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இரண்டுக்கும் அதில் பெரிய வேறுபாடு கிடையாது. கிட்டாரின் நடுவே ஒடுங்கும் இடுப்பு வளைவு வேறு கதை. ட்ரெட்நாட்டுக்கு இடுப்பு அகலம், அதனால் தொடையில் உயரமாக உட்காரும். இடுப்பு ஒடுங்கிய ஜம்போ வடிவம் அதைவிடப் பெரியதாக இருந்தும் தொடையில் இறங்கி உட்காருவதால் சிலருக்கு ஒத்துப்போகிறது.

இடது கை வலிக்கு மேலே சொன்ன எதுவும் காரணமல்ல. விரல் நுனி எரிவது, கட்டைவிரல் அடிமூட்டு வலிப்பது, ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் எஃப் கார்டைப் பிடித்தால் மணிக்கட்டு இழுப்பது எல்லாம் ஸ்கேல் நீளம் (கம்பியின் அதிரும் பகுதியின் நீளம்), கம்பியின் உயரம், கம்பியின் தடிமன் ஆகிய மூன்றைச் சேர்ந்தவை. பாடி பெரிது என்பதற்காக ஸ்கேலும் நீளம் என்று நினைக்க வேண்டாம். யமஹா எஃப் 310 பார்வைக்குப் பெரிய கிட்டார், ஸ்கேல் 634 மி.மீ. தான். எஃப்.ஜி. 800-க்கு 650. ஒரே கம்பியை ஒரே சுருதியில் கட்டினால் இழுவிசை நீளத்தின் இருமடிப்படி மாறும். 645 மி.மீ. ஸ்கேலிலிருந்து 632-க்கு வந்தால் 4 சதவீதம்தான் குறையும். அதே கிட்டாரை அரை நோட் இறக்கிக் கட்டினால் 11 சதவீதம் குறைகிறது, ஒரு பைசா செலவில்லாமல்! பாட்டுக்குப் பழைய சுருதி வேண்டுமென்றால் முதல் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் முதலாவதில்) கேபோ என்ற கவ்வியைப் போட்டுக்கொள்ளலாம். கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் நட் உயரமாக இருந்தால் அந்தத் தொல்லையும் அதோடு போய்விடும்.

ஆகவே விற்பதற்கு முன் செய்ய வேண்டியது செட்டப், அதாவது கம்பியின் உயரத்தைச் சரிசெய்வது. 12-ஆவது ஃபிரெட்டுக்கு மேல் கம்பியின் உயரத்தை இரும்பு அடிக்கோலால் அளக்கவும். தடித்த ஆறாவது கம்பிக்கு 2.4 மி.மீ., மெல்லிய முதல் கம்பிக்கு 1.8 மி.மீ. இருந்தால் போதும். 3 மி.மீ.-க்கு மேல் நிற்கும் கிட்டார்கள் ஏராளம். கடலோர ஊர்களில் மழைக்கால ஈரத்தில் மேல்பலகை, கம்பிகளைக் கட்டும் பிரிட்ஜுக்குப் பின்னால் உப்பும், கம்பியும் கூடவே மேலேறும். இதற்குக் கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராடு என்ற இரும்புத் தண்டைத் திருகுபவர்கள் உண்டு, அது தப்பு. டிரஸ் ராடு கழுத்தின் வளைவுக்கு மட்டும். உயரத்தைக் குறைப்பது, பிரிட்ஜின் மேல் கம்பிகள் தங்கும் சேடிலின் வேலை. 12-ஆவது ஃபிரெட்டில் அரை மி.மீ. குறைய வேண்டுமானால் சேடிலின் அடியில் ஒரு மி.மீ. தேய்க்க வேண்டும். அடிப்பக்கம் துல்லியமாகச் சமமாக இருக்கட்டும். கோணலாகத் தேய்த்தால், சேடிலுக்குக் கீழே பிக்கப் (ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி) உள்ள கிட்டாரில் ஒரு கம்பி மட்டும் ஒலி குன்றும். அடுத்தது நட். மூன்றாவது ஃபிரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து முதல் ஃபிரெட்டைப் பாருங்கள். கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே ஒரு தாள் தாராளமாக நுழைந்தால் நட் பள்ளம் ஆழம் போதவில்லை. எஃப் கார்டு பிடிக்க முடியவில்லை என்ற புகாரில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். அதன்பின் 12-53 தடிமன் கம்பிகளைக் கழற்றி, அவற்றைவிட மெல்லிய 11-52 போடலாம்.

தேய்த்துத் தேய்த்து சேடில் பிரிட்ஜுக்கு மேல் 2 மி.மீ. கூட நிற்கவில்லை, கம்பி இன்னும் உயரத்தில்தான் இருக்கிறது என்றால் கழுத்தையே கழற்றிக் கோணம் திருத்த வேண்டும். விலை குறைந்த கிட்டாருக்கு அந்தச் செலவு தகாது. மாற்றுவதற்கு நியாயமான காரணம் அதுதான். இன்னொரு காரணம் தோள். கை வைக்கும் பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கும்போது எதிரிலிருந்து ஒருவரைப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். வலது தோள் இடதைவிட உயர்ந்திருந்தால் எந்தச் செட்டப்பும் உதவாது, ஆழம் குறைந்த பாடிதான் வேண்டும்.

வாங்கப் போகும்போது பெயரை நம்பாதீர்கள், டேப்பை எடுத்துச் செல்லுங்கள். கான்செர்ட், கிராண்ட் கான்செர்ட், ஆடிட்டோரியம் என்பவை ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒவ்வோர் அளவு. கட்டவே (கழுத்துக்கு அருகில் பாடியில் வெட்டிய பள்ளம்) உள்ளதை எடுத்தால் தோளுக்கு நல்லது என்பதும் கடைப்பேச்சு. அது மேல் ஃபிரெட்டுகளுக்கு இடது கை போக வழிவிடுகிறது, ஆழத்தைக் குறைப்பதில்லை. இடது கையை நீட்டுவதே சிரமமென்றால் கழுத்து 12-ஆவது ஃபிரெட்டில் பாடியோடு சேரும் மாடலைத் தேடலாம். 14-ஆவதில் சேருவதைவிடக் கழுத்து சுமார் 35 மி.மீ. குறைவாக வெளியே நிற்கும். நட் அகலத்தில் மட்டும் இரண்டு உபத்திரவங்கள் மோதிக்கொள்கின்றன: விரல் தடித்தவர்களுக்கு 44.5 மி.மீ. வசதி, கட்டைவிரல் மூட்டு வலிப்பவர்களுக்கு 43. இதைக் கையில் பிடித்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. இருபது நிமிடமாவது உட்கார்ந்து வாசிக்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.

சிறிது என்றதும் குழந்தைகளின் முக்கால் கிட்டாருக்குப் போய்விடுபவர்களும் உண்டு. 540 மி.மீ. ஸ்கேலில் சாதாரணக் கம்பி கட்டினால் இழுவிசை 30 சதவீதம் சரிந்து கம்பி தொளதொளக்கும், கொஞ்சம் அழுத்தினாலே சுருதி ஏறும். டெய்லரின் ஜி.எஸ். மினி 597 மி.மீ.; அதற்கு அந்த நிறுவனமே வழக்கத்தைவிடத் தடித்த கம்பி போட்டு அனுப்புவது இதனால்தான்.

பெரிய பாடியின் ஒலியை விட மனமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. கனடாவின் கிட்டார் செய்பவர் லிண்டா மேன்சர் 1984-இல் ஓர் ஆப்பு வடிவத்தைக் கொண்டுவந்தார். மடிப்பக்கம் ஆழம் கூடும், கை படும் மேல்பக்கம் குறையும். உள்ளே காற்றின் கொள்ளளவு ஏறக்குறைய அப்படியே இருக்கும். கை படும் விளிம்பைச் சரிவாகச் செதுக்குவது இன்னொரு முறை. இரண்டும் விலை கூடிய வேலைகள்.

சின்ன பாடியில் ஆழ்ந்த கீழ்ச்சுருதி குறையும் என்பது உண்மை. தேவாலயப் பாடகர் குழுவில் தனியாகத் தாளம் பிடிக்க அது போதாமல் போகலாம்; அங்கே பிக்கப் வைத்து ஸ்பீக்கரில் கொடுத்துவிடலாம். வீட்டில் விரலால் வாசிப்பவருக்கு நடுச்சுருதிகள் தெளிவாகக் கேட்பது லாபமே. வயதானால் காதில் முதலில் மங்குவது மேல்சுருதிகள், ட்ரெட்நாட்டின் கும்மென்ற கீழ்ச்சுருதி அவற்றை இன்னும் மூடிவிடும். புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1992-இல் எம்டிவி அன்பிளக்ட் நிகழ்ச்சியில் வாசித்தது 1939-இல் செய்த மார்ட்டின் 000-42 என்பதையும் சந்தேகப்படுபவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

மாறிய பிறகு முதல் மாதம் ஒரு தப்பு நடக்கும். பெரிய கிட்டாரின் சத்தத்துக்குப் பழகிய கை, சின்னதிலும் அதே சத்தம் வரவேண்டுமென்று ஓங்கி அடிக்கும். சின்னப் பலகை ஓர் அளவுக்கு மேல் சத்தம் தராது, பலம் முழுவதும் தோளுக்கே திரும்பும். பிக்கின் (கம்பியை மீட்டும் தகட்டின்) தடிமனை 1 மி.மீ.-லிருந்து 0.6-க்கு இறக்கி, ஒலித்துளைக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் வாசித்துப் பழகவும். உட்கார்ந்து வாசிக்கும்போதும் ஸ்ட்ராப் மாட்டியிருந்தால் கிட்டாரைப் பிடித்துக்கொள்ளும் வேலை வலது முன்கைக்கு இருக்காது.

இப்படிக்கு,
கிட்டார் பழுதுபார்ப்பவர்,
திருச்சிராப்பள்ளி