அந்தக் கேடயத்தில் ஒரு பெயருக்கு இடம் இருக்கிறது

அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர்கள் சங்கத்தாருக்கு,

வணக்கம். நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். பேஸ்பால் விதிகளில் பாதி எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனாலும் ஆண்டுதோறும் நீங்கள் வாக்களித்துத் தரும் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பற்றி ஒரு விண்ணப்பம்.

அந்த விருதுக் கேடயத்தில் 1944 முதல் கெனசா மவுண்டன் லேண்டிஸ் பெயர் இருந்தது. சாகும்வரை கமிஷனராக, அதாவது அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் தலைமை நிர்வாகியாக, இருந்தவர். கறுப்பர்களைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை என்று 1942-இல் அறிக்கை விட்டார். விதி இல்லைதான். அவர் பதவியில் இருந்தவரை மேஜர் லீக் என்ற உச்சநிலைப் போட்டிக்குள் ஒரு கறுப்பரும் வரவும் இல்லை. 2020-இல் நீங்களே வாக்கெடுத்து அந்தப் பெயரை எடுத்தீர்கள். சரி, நல்ல காரியம். காலியான அந்த இடத்தில் ஜோஷ் கிப்சன் என்று எழுதுங்கள்.

கிப்சன் கேட்சர், எங்கள் விக்கெட் கீப்பர் மாதிரி. கறுப்பர்களுக்கென்று தனியாக நடந்த நீக்ரோ லீக்கில் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணிக்கு ஆடினார். மேஜர் லீக்கின் வாஷிங்டன் செனட்டர்ஸ் அணி வெளியூர் போகும் நாள்களில் அவர்களுடைய கிரிஃபித் மைதானத்தை வாடகைக்கு எடுத்து கிரேஸ் ஆடும். இடப்பக்க எல்லைச் சுவர் 400 அடிக்கும் அப்பால். கிப்சனுக்கு அதுவும் பெரிய தூரமில்லை. மைதானத்து முதலாளிக்கு வாடகைப் பணம் இனித்தது, ஆட்டக்காரர்தான் கசந்தார்.

1947 ஜனவரி 20 அன்று, 35 வயதில், கிப்சன் இறந்தார். அந்தத் தடையை உடைத்து மேஜர் லீக்கில் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பு ஆட்டக்காரர் களமிறங்கியது அதே ஆண்டு ஏப்ரல் 15. மூன்று மாதம்கூட இல்லை. பிட்ஸ்பர்க்கில் கிப்சனைப் புதைத்த இடத்தில் 1975 வரை ஒரு கல் கிடையாது. பேஸ்பால் மேதைகளுக்கான புகழ்க்கூடத்தில் 1972-இலேயே அவருக்கு வெண்கலப் பட்டயம் வைத்தாயிற்று!

2024-இல் மேஜர் லீக் பேஸ்பால் 1920 முதல் 1948 வரையிலான நீக்ரோ லீக் கணக்குகளைத் தன் ஏட்டில் சேர்த்தது. கிப்சனின் வாழ்நாள் பேட்டிங் சராசரி .372, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 372 வெற்றிகரமான அடி. அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப் .367. உடனே ஒரு முணுமுணுப்பு: அங்கே ஆட்டங்கள் குறைவாயிற்றே? குறைவுதான். லீக் ஆட்டம் கொஞ்சம், மீதி நாளெல்லாம் ஊர் ஊராகப் போய் வயிற்றுப்பாட்டுக்கு ஆடியது. அதில் அடித்தது எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, ஏன் கொஞ்சமாக ஆடினாய் என்று கேட்பது என்ன நியாயம்?

உங்கள் சங்கமும் இதில் வேடிக்கை மட்டும் பார்க்கவில்லை. 1908-இல் தொடங்கிய சங்கத்தில் சாம் லேசி என்ற கறுப்பு நிருபர் உறுப்பினராக 1948 ஆனது. கிப்சன் ஆடிய காலம் முழுக்க, அவரைக் கூடவே இருந்து எழுதியவர்களுக்கு உங்கள் வாக்குச்சீட்டு கிடையாது.

அடுத்த கூட்டத்தில் இதை வாக்குக்கு விடுங்கள். கெனசா மவுண்டன் லேண்டிஸ் என்று நீட்டி எழுதிய இடத்தில் ஜோஷ் கிப்சன் தாராளமாக அடங்கும்.

இப்படிக்கு,
தொலைவில் இருந்து ஒரு ரசிகன்