மறதியை மட்டும் கேட்காதீர்கள்: கன்னியாகுமரி மாவட்ட சுகாதாரத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட சுகாதாரத் துறை அலுவலர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் வணக்கம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், முதியவர்களின் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டுத் திண்ணையிலேயே பார்க்கிறீர்கள். அதே திண்ணையில் இன்னும் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, சொல்லையும் செயலையும் அடக்கிக்கொள்ளும் திறனையும் பார்க்கவேண்டும் என்று கேட்கவே இம்மடல்.

என் பெரியப்பா பேச்சை அளந்து பேசுகிறவர். தமது 76 ஆவது வயதில், தக்கலைக்கு அருகே ஒரு துட்டி வீட்டில், இறந்தவரின் மனைவி கேட்கும்படி, “இவன் எனக்கு 4,300 ரூபாய் தரணும்” என்று உரக்கச் சொல்லிவிட்டார். கடன் வாங்கப்பட்டது 1987 இல். தொகையும் மாதமும் அவருக்குத் துல்லியமாக நினைவிருந்தன. ‘வயசானா நாக்கு நிக்காது’ என்று சொல்லிக்கொண்டு, அதன்பின் நல்லது கெட்டது எதற்கும் அவரை அழைத்துப் போவதை நிறுத்தினோம்; நிறுத்தியவர்களில் நானும் ஒருத்தி. முதலில் காட்டிய மருத்துவமனையில் தேதியையும் ஊரையும் கேட்டார்கள், மூன்று சொற்களைச் சொல்லித் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். எல்லாம் சரியாக வந்ததால், ஞாபகசக்தி நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள்.

இருந்ததும் உண்மைதான். தேய்ந்திருந்தது வேறொன்று: நாவுக்கு வந்த சொல்லையும் எடுத்து வைத்த காலையும் தக்க நேரத்தில் தடுத்து நிறுத்தும் திறன். நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளையையும், அதனோடு பிணைந்த ஆழ்மூளைப் பகுதிகளையும் நம்பியிருக்கும் இத்திறன் இயல்பான மூப்பிலேயே ஓரளவு தளரக்கூடியது. முதியவர்கள் வேண்டாத செய்தியை ஒதுக்கமுடியாமல் திணறுவதைக் கொண்டு மூப்பின் மறதியையே விளக்கலாம் என்று உளவியலாளர்கள் லின் ஹாஷரும் ரோஸ் சாக்ஸும் 1988 இல் எழுதினார்கள். இயல்பான மூப்புக்கும் மறதிநோய்க்கும் இடைப்பட்ட நிலையான ‘லேசான அறிவாற்றல் குறைபாடு’ உள்ளவர்களிடம் இத்தளர்ச்சி கூடுதலாகவே காணப்படுகிறது. அவர்கள் தம் அன்றாட வேலைகளைத் தாமே பார்த்துக்கொள்வதால், வீட்டாரின் கண்ணுக்கு இது நோயாகத் தெரிவதில்லை, குணக்கேடாகத் தெரிகிறது.

ஓராண்டு கழித்து ஒரு நரம்பியல் மருத்துவர் மேசையில் விரலால் தட்டினார். “நான் ஒரு தடவை தட்டினால் நீங்களும் ஒரு தடவை தட்டுங்கள், நான் இரண்டு தடவை தட்டினால் தட்டக்கூடாது.” மருத்துவர் இருமுறை தட்டியதும் பெரியப்பா, “தட்டக்கூடாது” என்று வாயால் சொல்லிக்கொண்டே இருமுறை தட்டினார். விதி தெரிந்திருந்தது, கை நிற்கவில்லை. அன்றுதான் எனக்கு வெட்கம் வந்தது.

2000 இல் பிரான்சு மருத்துவர்கள் வெளியிட்ட முன்மூளைச் சோதனைத் தொகுப்பில் உள்ள இப்பயிற்சிக்குக் கருவியோ எழுத்தறிவோ தேவையில்லை. ‘சிவப்பு’ என்ற சொல்லை நீல மையில் அச்சிட்டு, மையின் நிறத்தைக் கேட்கும் ஸ்ட்ரூப் சோதனை 1935 முதல் புகழ்பெற்றது என்றாலும், அதற்குப் படிப்பும் தெளிந்த பார்வையும் வேண்டும். நம் மாவட்டம் எழுத்தறிவில் மாநிலத்தின் முதலிடத்தில் இருப்பது பெருமைதான்; ஆயினும் கண்புரை முற்றிய பாட்டாவுக்கு அந்த அட்டையால் என்ன பயன்?

இத்தட்டல் சோதனையோடு, வீட்டாரிடம் ஒரு கேள்வியையும் சேர்க்கவேண்டுகிறேன்: “முன்பு அடக்கிக்கொண்ட பேச்சையோ கோபத்தையோ செலவையோ இப்போது அடக்கமுடியாமல் போகிறதா?” மார்த்தாண்டம் மேம்பாலத்தின் கீழே, பேருந்து வருவதைக் கண்ட பிறகும் சாலையில் இறங்கிய காலைப் பின்னிழுக்க முடியாத முதியவரைப் பார்த்திருக்கிறேன், ஆகவே இது வெறும் நாக்கின் பிரச்சினையன்று.

தட்டலில் தவறியவர்களுக்கெல்லாம் மறதிநோய் என்று முத்திரை குத்திவிடாதீர்கள். காது மந்தம், மனச்சோர்வு, தூக்க மாத்திரை, தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 பற்றாக்குறை ஆகியவையும் இப்படிக் காட்டக்கூடும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம். லேசான குறைபாடு எல்லோருக்கும் மறதிநோயாக முற்றுவதுமில்லை. ஐயத்துக்குரியவர்களை ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைத்து அனுப்பினால் போதும்.

ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று, ஒன்று, இரண்டு: நீங்கள் தட்டவேண்டிய வரிசை இவ்வளவுதான். இரத்த அழுத்தம் குறிக்கும் அட்டையின் பின்பக்கத்தில் இதை அச்சிட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கல்குளம் வட்டத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை