தனியாக அழுகிற அக்காவுக்கு

அன்பான அக்கா,

தம்பியின் அடக்க ஆராதனையைப் போனில்தான் பார்க்க முடிந்தது என்று எழுதியிருந்தீர்கள். பாட்டின் நடுவே சத்தம் நின்றுபோனது, மண் போடுகிற நேரத்தில் படம் அசையாமல் நின்றுவிட்டது. போனைக் கீழே வைத்தால் அறையில் வேறு யாருமில்லை.

அதற்குப் பிறகு மெசேஜ்கள் குவிந்திருக்கும். "எல்லாம் கர்த்தருடைய சித்தம்", "அழாதீங்க, அவர் ஆண்டவரிடம் போயிட்டார்". அனுப்பியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை (சரி, கொஞ்சம் உண்டு). லாசரு இறந்தபோது இயேசு அப்படி எதுவும் சொல்லவில்லையே! லாசருவின் சகோதரிகளான மார்த்தாளும் மரியாளும் தனித்தனியே வந்து ஒரே குறையைத்தான் அவரிடம் சொன்னார்கள்: "ஆண்டவரே, நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." இரண்டு பேரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை. சற்று நேரத்தில் லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறார் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அழுதார். அப்போஸ்தலன் பவுலும் "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல" துக்கிக்க வேண்டாம் என்றாரே தவிர, துக்கிக்கவே கூடாது என்று எழுதவில்லை.

ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை என்கிறீர்கள். வேதாகமத்தில் 88ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது துதிக்குத் திரும்பிவிடும். ஏமான் என்பவருடைய இந்தப் பாட்டு திரும்பாது. சிநேகிதனையும் தோழனையும் தூரமாய் விலக்கினீர், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று அப்படியே முடிந்துவிடும். நன்றி இல்லை, ஸ்தோத்திரம் இல்லை. ஆனாலும் அதன் தலைப்பைப் பாருங்கள், இராகத்தலைவனுக்கு, அதாவது பாடகர்களின் தலைவனுக்கு, ஒப்புவித்தது என்றிருக்கிறது. தனியாய் விடப்பட்ட ஒருவனின் அழுகையை ஆராதனையில் பாடக் கொடுத்திருக்கிறார்கள்! அதனால் உங்களுக்கு வார்த்தை வராத நாளில் ஏமானுடையதைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். அதுவும் முடியாவிட்டால், வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவரே நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் நிருபம் 8ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அன்றைக்கு அது போதும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். "எனக்குக் கர்த்தர் போதும், மனுஷர் யாரும் வேண்டாம்" என்று கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். சிலுவைக்கு முந்தின இரவில், கெத்செமனே தோட்டத்தில், இயேசுவே அப்படி இருக்கவில்லை. "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது; நீங்கள் இங்கே தங்கி, என்னோடேகூட விழித்திருங்கள்" என்று மூன்று சீஷர்களிடம் வாய்விட்டுக் கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். துணை கேட்பது விசுவாசக் குறைவென்றால் அவர் கேட்டிருப்பாரா? கேட்டும் கிடைக்காமல் போவது எப்படி இருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். நீங்கள் ஜெபிப்பது அவரிடம்தான்.

சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்ட எலியா தீர்க்கதரிசிக்கும் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டியெழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் தூங்கிப்போனார். அதற்கும் திட்டு விழவில்லை. மறுபடியும் எழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொன்னான், அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிடுகிறேன். பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம், போனை எடுத்து வைத்துக்கொண்டால் போதும். வசனம் எதுவும் சொல்லமாட்டேன். சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்பேன், அதற்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் தங்கை