மூன்றாவது எபிசோடில் நின்றுபோன குமாருக்கு

சத்துவாச்சாரி, வேலூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள குமார்,

போன வாரம் போனில் ஆண்டோர் தொடரைப் பற்றி நீ கத்திய கத்தலில் என் பக்கத்து நியாயம் ஒன்றும் எடுபடவில்லை. உன்னை வாயால் ஜெயிக்க முடியாது என்பது பத்தாம் வகுப்பிலேயே தெரிந்த விஷயம். அதனால்தான் எழுதுகிறேன். இங்கே நீ குறுக்கே பேச முடியாது.

முதலில் ஊர்ச் சேதி. வெயில் இன்னும் இறங்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கும் மொட்டைமாடியில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, உன்னை விசாரித்தாள். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் நல்லதாகக் கிடைத்தது. நேற்று பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளப் புளி ஊற்றிச் செய்தோம். நீ கோயம்புத்தூரில் பிரியாணிக்கு எதைத் தொட்டுக்கொள்கிறாயோ, கேட்கப் பயமாக இருக்கிறது.

சரி, சண்டைக்கு வருகிறேன். மூலக்கதை முடிந்த பிறகு அதிலிருந்து ஒரு ஆளைப் பிய்த்தெடுத்து ஓட்டும் தொடர் எல்லாமே காசு பார்க்கிற வேலை என்றாய். பாதி ஒத்துக்கொள்கிறேன். 2022ல் வந்த ஓபி-வான் கெனோபி தொடரை எனக்காகப் பார்த்து நொந்துபோனாய். கெனோபியும் பேரரசின் முகமூடி வில்லன் வேடரும் கத்தியைச் சுழற்றுகிறார்கள், ஆனால் இரண்டு பேரும் 1977ல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் மறுபடி நேருக்கு நேர் நிற்கப்போகிறவர்கள். இங்கே யாருக்கு என்ன ஆகிவிடும்? போபா ஃபெட் தொடர் இன்னும் மோசம். ஏழே எபிசோட், அதில் ஐந்தாவதில் போபா ஃபெட் தலையே காட்டவில்லை. வேறொரு தொடரின் நாயகன் மாண்டலோரியன் வந்து முழுவதையும் எடுத்துக்கொண்டான். பக்கத்து மண்டபத்து மாப்பிள்ளை வந்து தாலி கட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

ஆனால் கிளைக்கதை என்றாலே மட்டம் என்று நீ சொன்னதுதான் பொறுக்கவில்லை. கண்ணமங்கலம் பக்கத்துக்காரன் பேசுகிற பேச்சா இது? உங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கர்ண மோட்சத்தில் ஊரே எதற்காக விழித்திருந்தது? கர்ணன் சாவதற்காக இல்லை, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவன் போர்க்களத்துக்குப் புறப்படும்போது பொன்னுருவி வழிமறிப்பாளே, அதற்காக. குலம் தெரியாதவன் என்று அவனை ஏளனம் செய்தவள், கடைசி ராத்திரியில் அவன் பிறப்பைத் தெரிந்துகொள்கிறாள். வியாச பாரதத்தில் பொன்னுருவி என்று ஒருத்தியே கிடையாது. நம் ஆட்கள் கர்ணன் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே ஒரு பெண்ணை உட்கார வைத்தார்கள். மூலத்தில் யாரும் எட்டிப் பார்க்காத அறை அது. அப்படி ஒரு அறை கிடைத்தால் கிளைக்கதை தாராளமாக வரலாம் என்பதுதான் என் கட்சி. கெனோபி தொடரில் அப்படி ஒன்று இல்லை. ஏற்கெனவே பார்த்த கூடத்துக்கு மறுபடி வெள்ளையடித்தார்கள், அவ்வளவுதான்.

(கூத்து என்றதும் அந்தப் பதினெட்டாம் நாள் படுகளம் ஞாபகம் வருகிறது. விடிய விடியக் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, பொழுது விடிகிற நேரத்தில் கோணிப்பையின் மேல் சாய்ந்தாயே. மண்ணால் செய்த துரியோதனன் அத்தனை பெரிதாகப் படுத்துக் கிடக்கிறான், பீமன் தொடையில் அடிக்கிறான், திரௌபதி கூந்தல் முடிகிறாள், நீ குறட்டை. ஜனங்கள் துரியோதனன் மேலிருந்து பிடி மண் எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பும்போது எழுந்து, "சண்டை எப்போடா?" என்று கேட்டாய்.)

இப்போது ஆண்டோர். மூன்றாவது எபிசோடில் பாதியிலேயே நிறுத்திவிட்டேன், ஒன்றும் நடக்கவில்லை என்றாய். கதாநாயகன் காசியன் ஆண்டோர் 2016ல் வந்த ரோக் ஒன் என்கிற ஸ்டார் வார்ஸ் படத்தில் செத்துப்போகிறான். தொடர் தொடங்கும்போதே அவன் முடிவு நமக்குத் தெரியும். கெனோபியில் நான் சொன்ன குறை இங்கேயும் அப்படியே இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. ஏனென்றால் இது அவன் தப்பிப்பானா என்கிற கதையே இல்லை. ஒரு சாதாரணத் திருட்டுப்பயல், தனக்கென்ன என்று இருந்தவன், எந்த இடத்தில் அப்படி இருக்க முடியாமல் போகிறான் என்கிற கதை. இரண்டு சீசன், மொத்தம் 24 எபிசோட். ஜெடாய் வீரர்கள் கிடையாது, ஒளிவாள் கிடையாது. பேரரசு என்றால் முகமூடி போட்ட வேடர் மட்டுமில்லை. ஃபைலைத் தூக்கிக்கொண்டு மீட்டிங்குக்கு ஓடுகிற அதிகாரிகள், பதவி உயர்வுக்கு அடித்துக்கொள்கிற குமாஸ்தாக்கள். முப்பது வருஷம் அரசாங்க ஆபீசில் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், அந்த மீட்டிங்குகள் அவ்வளவு தத்ரூபம்.

முதல் சீசனில் 8, 9, 10 மூன்றும் ஒரு சிறைச்சாலை. சுற்றிலும் தண்ணீர். கைதிகள் வெறுங்காலோடு நிற்க வேண்டும், தரையே மின்சாரம். ஒரு மேஜைக்கு ஏழு பேர், ஒரு கூடத்துக்கு ஏழு மேஜை. பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் என்னவோ ஒரு உதிரிபாகம் செய்கிறார்கள், எதற்கென்று யாருக்கும் தெரியாது. கடைசியில் வருகிற மேஜைக்கு ஷாக், முதலில் வருகிற மேஜைக்குச் சாப்பாட்டில் கொஞ்சம் ருசி. காவலர்கள் மிகக் குறைவு. கைதிகளே கைதிகளை விரட்டுகிறார்கள். அந்தக் கூடத்துக்கு மேஸ்திரி கினோ லாய், அவனும் கைதிதான், ஆண்டி செர்கிஸ் நடித்திருக்கிறார். விடுதலைக்கு எத்தனை ஷிப்ட் பாக்கி என்று எண்ணிக்கொண்டே இருக்கிறான். அந்தக் கணக்கு என்ன ஆகிறது என்பதுதான் மூன்று எபிசோடும். பத்தாவதன் முடிவில் அவன் ஒரு சின்ன வாக்கியம் சொல்கிறான். அதை இங்கே எழுத மாட்டேன். அன்றைக்கு அந்த இடத்தில் கரண்ட் போய், இருட்டில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். விசிறிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போலக் கோட்டைக்குள் நடக்கப் போனேன். 1806 ஜூலை 10ஆம் தேதி இங்கே நடந்த சிப்பாய்க் கலகத்தை நமக்குப் பள்ளிக்கூடத்தில் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள்? 1857க்கு முன்னோட்டம். ஒரே வரி. தலையில் புதுத் தொப்பி, அதில் தோல் பட்டை. தாடியை எடு, நெற்றியில் குறி போடாதே என்று உத்தரவு. அந்தச் சிப்பாய்கள் ஒரு ராத்திரியில் கோட்டையைப் பிடித்து, திப்புவின் கொடியை ஏற்றினார்கள். காலையில் ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்காரத் தளபதி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்துவிட்டான். அவர்களில் யாருக்காவது 1857 தெரியுமா? இன்னும் 51 வருஷம் கழித்து வரப்போகிற ஒன்றுக்கு நாம் முன்னுரை எழுதுகிறோம் என்றா சுட்டார்கள்? அவர்களுக்கு அந்த ராத்திரிதான் முழுக்கதை. ஆண்டோரை எழுதியவர்களுக்கு இது புரிந்திருக்கிறது. பின்னால் பெரிய யுத்தம் வருமே என்று எந்த ஆளும் நமக்குக் கண்ணடிப்பதில்லை. மற்ற முன்கதைத் தொடர்கள் கண்ணடித்தே தீர்ந்துபோகின்றன.

இதே கணக்கில், விண்கப்பல் கதையான ஸ்டார் ட்ரெக்கின் தொடர்களில் எனக்குப் பிடித்தது லோயர் டெக்ஸ். கார்ட்டூன்தானே என்று நீ ஒதுக்கியது. கேப்டன் மேடையில் வசனம் பேச, கீழ்த்தளத்தில் குழாய் துடைக்கிற நான்கு பேரின் கதை. நம் கட்டியங்காரனுக்கே தனியாக ஒரு கூத்துக் கட்டிக்கொடுத்த மாதிரி. ராஜாவை நக்கலடிக்கவும் செய்வான், ராஜா மேல் உயிரையும் வைத்திருப்பான். ஐந்து சீசன் ஓடியது.

நீ உயிராக நினைக்கிற ஸ்டார் ட்ரெக் எபிசோட் "இன்னர் லைட்" பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. 1992ல் வந்தது. கேப்டன் பிக்கார்ட் இருபத்தைந்து நிமிஷ மயக்கத்தில், அழிந்துபோன ஒரு கிரகத்தில் ஒரு முழு வாழ்க்கை வாழ்ந்து முடிக்கிறார். பெண்டாட்டி, பிள்ளைகள், பேரன், கடைசியில் கையில் ஒரு புல்லாங்குழல். நானும் அழுதவன்தான். ஆனால் அடுத்த எபிசோடில் மனுஷர் ஒன்றுமே நடக்காத மாதிரி கப்பல் ஓட்டுகிறார்! ஒரு ஆயுசு இழவு விழுந்த வீட்டில் மறுநாளே கச்சேரியா? அந்தப் புல்லாங்குழலின் கதையை அவர் மனம் திறந்து சொன்னது 1993ல் "லெஸன்ஸ்" எபிசோடில். அங்கே இருந்தது திறக்காத அறை. அதைப் பூட்டியே வைத்துவிட்டு, பிக்கார்ட் பெயரிலேயே தொடங்கிய தொடரின் மூன்றாவது சீசனில், 2023ல், பழைய ஆட்களை எல்லாம் கூட்டி முன்னாள் மாணவர் சந்திப்பு நடத்தினார்கள். நம் சந்திப்பு மாதிரியேதான்: எல்லோரும் வந்தார்கள், குரூப் போட்டோ எடுத்தார்கள். அதற்கும் நான் அழுதேன், அதற்காக வெட்கப்படவும் செய்தேன்.

எனக்கு இன்னமும் "டார்மாக்" எபிசோட்தான் மேலே, 1991. அதில் வரும் வேற்றுக்கிரகத்து டமேரியர்கள் பேசுவது முழுக்கத் தங்கள் கதைகளின் பெயர்களால். மொழிபெயர்ப்புக் கருவி ஒவ்வொரு சொல்லையும் பெயர்த்துவிடுகிறது, அர்த்தம் மட்டும் வருவதில்லை. "ஷாகா, மதில்கள் விழுந்தபோது" என்றால் தோற்றுப்போனோம் என்று பொருள். அப்படிப் பேசுகிறவர்கள் ஏழாம் நம்பர் ஸ்பேனரை எடு என்று எப்படிச் சொல்வார்கள், ராக்கெட் எப்படிக் கட்டினார்கள் என்று நீ அப்போதே மடக்கினாய். இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் என் அம்மாவைப் பார். "சகுனி வந்துட்டான்" என்பாள், வீட்டில் எல்லோருக்கும் எந்த மாமா என்று தெரியும். "அவன் வீடு அரிச்சந்திரன் வீட்டுக்குப் பக்கத்து வீடு" என்றால் அவனுக்குக் கடன் கொடுக்கக் கூடாது. அந்த எபிசோடை அவளுக்குக் கதையாகச் சொன்னேன். இதில் புரிந்துகொள்ள என்ன கஷ்டம் என்று கேட்டாள்.

தீபாவளிக்கு வருவாய் அல்லவா? நான்காவதிலிருந்து சேர்ந்து பார்க்கலாம், என்னிடம் இப்போது இன்வெர்ட்டர் இருக்கிறது. 24ல் மூன்றைக்கூட முழுசாகப் பார்க்காமல் ஒன்றும் நடக்கவில்லை என்றவனுக்கு டமேரிய மொழியில் ஒரு வார்த்தை வைத்திருக்கிறேன்.

குமார், படுகளத்தில் தூங்கியபோது.

அன்புடன்,
பாலு